பரிசோதகர் கண்ணில் படாத நூல்

அந்த ரயில் நிலையத்தில் தினமும் காலையில் இரண்டு வரிசைகள். டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால் ஒன்று. அதில் ஏழு பேர். சைக்கிள் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒன்று. அதில் எழுபது பேர். அந்த ஏழு பேரைப் பார்த்து இந்த எழுபது பேரும் இரக்கப்பட்டார்கள். ஐயோ பாவம், இன்னும் டிக்கெட் வாங்கிக்கொண்டிருக்கிறார்களே!

சைக்கிள் நிறுத்தத்தின் சுவரோரம் ஒரு நாற்காலி. நாற்காலியில் மறைஞானி. அந்தப் பட்டத்தை யார் கொடுத்தது என்று கேட்டால் அவரே கொடுத்துக்கொண்டது தெரிந்துவிடும் என்பதால் யாரும் கேட்கவில்லை. அவர் விற்றது நீல நூல். மணிக்கட்டில் கட்டிக்கொண்டு ரயில் ஏறினால் டிக்கெட் பரிசோதகரின் பார்வை உங்கள் மேல் விழாது. வழுக்கிக்கொண்டு பக்கத்து ஆளிடம் போய்விடும். செத்தவரை எழுப்புவது, மண்ணைப் பொன்னாக்குவது என்று அவர் பெரிதாக எதுவும் அளக்கவில்லை. சின்ன ஆசைக்குச் சின்ன அற்புதம். விலை, மாத சீசன் டிக்கெட்டில் பாதி. அதே நூல் எதிர்க்கடையில் கண்டு கண்டாகக் கிடைக்கிறது என்று சொல்லி யார் மனதையும் புண்படுத்த எனக்கு விருப்பமில்லை.

நூலுக்கு விதிமுறை உண்டு. பரிசோதகர் வந்தால் கண்ணை இறுக்கி மூட வேண்டும். மூச்சை அடக்க வேண்டும். டிக்கெட் என்ற நினைப்பே மனதில் வரக் கூடாது. டிக்கெட் இல்லாதவனுக்கு அந்த நேரத்தில் வேறு என்ன நினைப்பு வரும் என்பதை அவர் விளக்கவில்லை. நூல் கட்டி முடித்ததும், அவர் கழுத்தில் தொங்கும் தட்டையான பித்தளைப் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். உள்ளே மூலமந்திரம். திறந்து பார்த்தவர் கண் அவிந்துவிடும். மாதத்தின் முதல் நாள் காலையில் மட்டும் அவரைப் பார்க்க முடியாது. அன்றைக்கு அவருக்கு எங்கோ தவம்.

"நாலு வாரமா கட்டியிருக்கேன். ஒருத்தனும் என்னை டிக்கெட் கேக்கல!" என்றார் வரிசையில் நின்ற சலூன்காரர்.

அந்த நாலு வாரத்தில் பரிசோதகர் ரயிலில் ஏறியதே இரண்டு நாள்தான். இரண்டு நாளும் சலூனுக்கு வார விடுமுறை.

இனி நம் காஜா அக்கா. சட்டை கம்பெனியில் பொத்தான் துளை தைப்பவள். காஜா எடுக்கும் மிஷினில் பன்னிரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பதால் அந்தப் பெயர். போன வாரம் அவளும் நூலும் மாட்டிக்கொண்ட கதையைக் கேளுங்கள். ஏழு நாற்பது ரயில், மூன்றாவது பெட்டி, எண்பது பேர். பரிசோதகர் ஏறினார். நூல் கட்டிய பதினோரு பேரும் விதிமுறைப்படி கண்ணை மூடி, கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மற்ற அறுபத்தொன்பது பேரிடமும் டிக்கெட் கேட்டு அவர் நேரத்தை வீணாக்கவில்லை. கன்னம் உப்பியவர்களிடம் நேராக வந்தார்.

"அம்மா, மூச்சை விடுங்க. ரசீதுல உங்க பேர் எழுதணும்."

அபராதப் பணத்தோடு வீட்டுக்காரர் வந்து சேரும் வரை அக்கா நிலைய அறையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கம்பெனி போய்ச் சேர மதியமாகிவிட்டது. "இன்னொரு தடவை இப்படி வந்தா, அந்த மிஷின்ல வேற ஆளு உக்காந்திருக்கும்" என்றார் சூப்பர்வைசர். வீடு ஓடுவதே அந்த ஒரு மிஷினால்தான். அன்றைக்கு அக்கா அழுதாள். அவமானத்தில் பாதி, பயத்தில் பாதி.

அதனால்தான் இன்று மறைஞானி முன்னால் நிற்கிறாள். கையில் இந்த மாத சீசன் டிக்கெட்டுக்கு வைத்திருந்த பணம். கூடவே அவள் நாத்தனார். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை. எதையும் குழாயில் ஊற்றிக் குலுக்கிப் பார்க்காமல் நம்பாத பெண்.

"ஐயா, நூல் கட்டியும் ஃபைன் போட்டுட்டாங்க" என்றாள் அக்கா.

"கண்ணை மூடினியா?"

"மூடினேன்."

"மூச்சு?"

"அடக்கினேன்."

"மனசுல டிக்கெட் நினைப்பு வந்துச்சா?"

அக்கா தலையைக் குனிந்தாள். "லேசா... வந்துச்சு."

"கேட்டீங்களா! கோளாறு நூல்ல இல்ல!" கூட்டம் உச்சுக்கொட்டியது. "பரவாயில்ல, இரட்டை முடிச்சு போட்டுடலாம். மனசு ஆடினாலும் தாங்கும்." விலை, சரியாக ஒரு சீசன் டிக்கெட். அக்கா பர்ஸைத் திறந்தாள்.

நாத்தனார் பர்ஸின் மேல் கையை வைத்தாள். "இருங்க அண்ணி. ஐயா, ஒரு சந்தேகம். செக்கர் வராத அன்னைக்கு நூல் ஜெயிச்சுதுங்கறீங்க. வந்து பிடிச்ச அன்னைக்கு மனசு தோத்துதுங்கறீங்க. அப்ப நூல் எந்த அன்னைக்குத்தான் தோக்கும்? என் கையில நூலே இல்ல. செக்கர் வராத அன்னைக்கு என்னையும்தான் யாரும் கேக்கல."

"நம்பாதவங்களுக்கு நான் பதில் சொல்றதில்ல."

"சரி, நம்பறவங்களை வெச்சே பாத்துடலாம். உங்களைவிடச் சுத்தமான மனசு இங்க யாருக்கு இருக்கு? நீங்க தினம் ரயில்லதானே வர்றீங்க?"

"பத்து வருஷமா வர்றேன். ஒரு நாள் டிக்கெட் எடுத்ததில்ல. ஒரு செக்கர் கண்ணுலயும் பட்டதில்ல!" கூட்டத்துக்குப் புல்லரித்தது.

"அப்ப இப்ப எங்ககூட வாங்க. ஏழு நாற்பது உங்க வீட்டுப் பக்கம் போறதுதான். நாங்க எல்லாம் டிக்கெட் எடுத்துக்கறோம். நீங்க மட்டும் நூலோட உக்காருங்க."

"இன்னைக்கு நேரம் சரியில்லம்மா..."

அவரை மாட்டிவிட்டது நாத்தனார் இல்லை, பக்தர்கள்தான். "வாங்க ஐயா! இந்தப் பொண்ணு வாயை அடைச்சுக் காட்டுங்க!" என்று சலூன்காரர் ஒரு கையையும் இன்னொருவர் மறு கையையும் பிடித்து, பாசத்தோடு அவரை மூன்றாவது பெட்டியில் ஏற்றிவிட்டார்கள். அவரைத் தவிர எல்லார் கையிலும் அப்போதுதான் ஜன்னலில் வாங்கிய டிக்கெட். ரயில் கிளம்பியது. இனி குதிக்கவும் முடியாது.

பதினோரு பேரை ஒரே மூச்சில் பிடித்த நாளிலிருந்து பரிசோதகருக்கு அந்த ரயில் மேல் ஒரு கண், விளைச்சல் அப்படி; இன்றும் ஏறியிருந்தார். நாத்தனார் அடுத்த பெட்டிக்குப் போய் அவரைக் கூட்டி வந்தாள். "சார், ஜன்னலோரம் ஒருத்தர் இருக்கார். உங்க கண்ணுக்குத் தெரியறாரான்னு மட்டும் சொல்லுங்க."

மறைஞானி கண்ணை மூடி, கன்னத்தை உப்பியிருந்தார். பரிசோதகர் குனிந்து பார்த்தார்.

"நல்லாவே தெரியறார். ஐயா, டிக்கெட்."

கன்னம் இன்னும் கொஞ்சம் உப்பியது.

"ஐயா, மூச்சை விடுங்க. முகம் நூல் கலருக்கு வந்துடுச்சு." அவர் ரசீதுப் புத்தகத்தைப் பிரித்தார். "சரி, அபராதம் எழுதிடறேன்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் மறைஞானியின் ஒரு கண் திறந்தது. கை தானாகக் கழுத்துப் பெட்டிக்குப் போனது.

"எல்லாரும் கண்ணை மூடுங்க! மூலமந்திரத்தைத் திறக்கறேன்! பாத்தா கண்ணு போயிடும்!"

ரயில் பெட்டி முழுக்கக் கண்ணை மூடியது. காஜா அக்கா மூடவில்லை. ஒரு தடவை மூடியதற்கே மிஷின் போகப் பார்த்தது. பித்தளைப் பெட்டி திறந்தது. மடித்த ஓர் அட்டை வெளியே வந்து பரிசோதகரின் கைக்குப் போனது. அவர் கடமை தவறாத மனிதர், சத்தமாகப் படித்தார்.

"சீசன் டிக்கெட். ஒண்ணாந்தேதி காலை எட்டு மணிக்கு எடுத்தது. இந்த மாசக் கடைசி வரைக்கும் செல்லும். போட்டோவும் உங்களுதுதான். எல்லாம் சரியா இருக்கு. இதை முதல்லயே காட்டியிருக்கலாமே?"

ஒவ்வொரு கண்ணாகத் திறந்தது. ஒன்றும் அவியவில்லை.

"அப்ப... நாங்க கண்ணுல ஒத்திக்கிட்டது?" என்றார் சலூன்காரர்.

"அவரோட சீசன் டிக்கெட்டை" என்றாள் காஜா அக்கா. இரட்டை முடிச்சுக்குத் தயாராக இருந்த கையிலிருந்து தன் நூலைப் பிய்த்து அவர் மடியில் போட்டாள். பரிசோதகர் அவள் பக்கம் திரும்பினார். அவள் கண்ணைத் திறந்தபடி, மூச்சை விட்டபடி டிக்கெட்டை நீட்டினாள். அன்றைக்கு மிஷினில் அவள்தான் உட்கார்ந்தாள். மறுநாள் காலை சீசன் டிக்கெட் எடுக்க, அந்த ஏழு பேர் வரிசையில் எட்டாவது ஆளாக நின்றாள்.

இதோடு எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று நினைத்தால் நீங்களும் ஒரு நூல் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். இறங்கும்போது ஒருவர் மறைஞானியின் காதோரம் கேட்டார்: "ஐயா, என்ன இருந்தாலும் செக்கரால உங்களுக்கு ஃபைன் போட முடியலையே! அந்தப் பெட்டி என்ன விலை?"

பெட்டி வேண்டாம் ஐயா, உள்ளே இருந்தது போதும்; அது டிக்கெட் ஜன்னலில் கிடைக்கும். நூல் வேலை செய்யாது என்று அந்த நிலையத்தில் நிச்சயமாகத் தெரிந்திருந்த ஒரே ஆள், அதை விற்றவர்தான். இனி யாராவது உங்களைக் கண்ணை மூடச் சொன்னால், மூடுவதற்கு முன்னால் அவர் கழுத்தில் என்ன தொங்குகிறது என்று ஒரு தடவை திறந்து பாருங்கள்.