பழைய சைலன்சரே தேவலாம்

அதான் கேக்கறியே சரோஜா, இம்மாம் மாவு எதுக்கு பெசஞ்சி வச்சிகீறன்னு. எங்க வூட்ல இருக்கறதே நாலு பேரு, அதுல எனக்கு பல்லும் கெடையாது. இது எங்களுக்கு இல்லடி. கடலோரம் எங்க நாத்தனா வூட்டுக்கு. வருசா வருசம் தீவாளிக்கு ஒரு தூக்கு அதிரசம் என் கையால சுட்டு அனுப்பியாவணும். சீருன்னு நெனச்சிக்காத, தண்டன. ஒரு சைலன்சர மாத்தப் போயி வந்த தண்டன.

சிரிக்காத, உக்காரு. வெறகு ஈரம், எண்ண காய இன்னும் நேரமாவும். சொல்றேன்.

மழைக்குக்கூட பள்ளிக்கூடத்துல ஒதுங்காதவ நான். ஆனா மோட்டார் சைக்கிள் சைலன்சர பத்தி கேளு, உன் புருசனுக்கே பாடம் எடுப்பேன். எழுவதுங்கள்ல ஊரு ஊரா கரண்டு பம்பு செட்டு வந்துகினு இருந்திச்சி பாரு, எங்க வூட்டுக்காரரு அந்த மோட்டாருக்கு காயில் கட்டறவரு. எங்க மோட்டாரு பொகைஞ்சாலும் இவரு தான் போவணும். செங்கல்பட்டு சுத்துப்பட்டு பூரா சைக்கிள மிதிச்சி முட்டி போச்சின்னு, யாரோ ஓட்டி ஒதுக்கன மோட்டார் சைக்கிள் ஒண்ண வாங்கிகினு வந்தாரு. எனக்கு கண்ணாலம் ஆயி ரெண்டாம் வருசம் அது.

அதுல ஒரு சைலன்சர் தொங்கும். பேரு தான் சைலன்சர். வண்டி நல்லா இழுக்கணும்னு உள்ள இருந்த தகட்ட எல்லாம் இவரே புடுங்கி எறிஞ்சிட்டாரு. அப்பால அதுல வந்த சத்தம் இருக்கே, அவரு ஏரிக்கரையில திரும்பறப்பவே எங்க வூட்டு மாடத்துல டம்ளரு ஆடும். என் மாமியாரு அந்த சத்தத்த கேட்டு தான் கஞ்சி வடிக்க ஆரம்பிப்பாங்க. அவரு கை கழுவிகினு வர்றதுக்கும் சோறு எலைக்கு வர்றதுக்கும் சரியா இருக்கும்.

ஊர்ல எல்லாரும் அந்த வண்டிய வைவாங்க. நான் மட்டும் வைய மாட்டேன். ஏன்னு கேளு. எங்க வூடு ஒரே கூடம். நடுவுல மாமியாரு. புருசன் பொஞ்சாதி ஒரு வார்த்த பேசணும்னா மாட்டுக்கொட்டாய்க்கு போவணும், அங்கயும் ஏதாவது சாக்கு வச்சிகினு அத்த வந்து நிப்பாங்க. வண்டியில பின்னால ஏறி உக்காந்தா தான் எனக்கு விடுதல. அந்த சத்தத்துல நான் தொண்ட கிழிய கத்தனாலும் அவரத் தவிர ஒருத்தருக்கும் கேக்காது. அவருக்கே பாதி தான் கேக்கும், அந்த சத்தத்துல காது கொஞ்சம் மந்தமாயிடுச்சி. அவரும் கத்துவாரு, நானும் கத்துவேன். எங்களுக்குன்னு கதவு சாத்தன ரூமு அது தான். மாமியாருக்கு சொல்ல முடியாத பதில எல்லாம் ஒண்ணு விடாம அதுல ஒக்காந்து சொல்லிடுவேன். எறங்கறப்ப முகம் தெளிவா இருக்கும். (மருமவளுக்கு வெளிக்காத்து ஒத்துக்குதுன்னு அத்த பெருமையா சொல்லிகினு திரிவாங்க.)

அப்ப எங்க நாத்தனா அஞ்சலைக்கு வரன் பாத்துகினு இருந்தாங்க. நல்ல பொண்ணு, சாது. அடுப்பாண்ட மட்டும் வராது. கருங்குழி பக்கத்துலேந்து ஒரு எடம் வந்திச்சி. மாட்டு வண்டி கட்டிகினு பொண்ணு பாக்க வந்தாங்க. இவரு மரியாதையா ஏரிக்கரைக்கே போயி எதிர்கொண்டு அழைக்கறேன்னு, மாட்டு மூஞ்சிக்கு நேரா வண்டிய ஒதச்சி கெளப்பினாரு. மாடு ரெண்டும் நாத்தங்காலுக்குள்ள எறங்கி ஓடுச்சி. மாப்பிள்ளையோட தாய்மாமன் சேத்துல. வெள்ள வேட்டியோட எழுந்து நின்னவரு, சகுனம் சரியில்லன்னு ஒரே வார்த்த. அப்டியே வண்டிய திருப்பிகினு போயிட்டாங்க. அஞ்சலை பட்டுப் பொடவைய மடிச்சி வச்சிட்டு, போயி சாணி அள்ளினா. அது தான் எனக்கு பேஜாரா இருந்திச்சி. அழுதிருந்தா தேவல.

அது ஊரு பூரா பரவி, ரொம்ப நாளைக்கு ஒரு எடமும் வரல. அப்பால வந்தது தான் மாவலிபுரத்துக்கு இந்தாண்ட ஒரு சவுக்குத்தோப்பு ஊரு. மாப்பிள்ள கல்லு கோயிலு பாக்க வர்றவங்களுக்கு டீக்கட வச்சிருந்தாரு. பொண்ண வந்து பாத்தாச்சி, புடிச்சிருக்குன்னுட்டாங்க. இனிமே நாங்க போயி மாப்பிள்ள வூட்ட பாத்துட்டு, நிச்சயத்துக்கு தட்டு வச்சிட்டு வரணும். அத்த மகனை கூப்ட்டாங்க. “இதுவும் உன் சைலன்சர் கொழாயால போச்சின்னா, உன் தங்கச்சிய நீயே வச்சி காப்பாத்து. ஒண்ணு அந்த கொழா போவணும், இல்ல நீ அங்க வரக்கூடாது.” அவ்ளோ தான் சொன்னாங்க.

மறுநாளே செங்கல்பட்டுல மெக்கானிக்காண்ட வுட்டு வேற சைலன்சர் மாட்டிகினு வந்தாரு. கம்பெனி சரக்கு இல்ல, மெட்ராஸ் பட்டறையில அடிச்சது. நீட்டா, சொரக்கா மாதிரி, பளபளன்னு இருந்திச்சி. வண்டி வாசல்ல வந்து நிக்கற வரைக்கும் எங்களுக்கு தெரியவே இல்ல. அத்த கஞ்சி கூட வடிக்கல. எங்க நாயி வழக்கமா ஏரிக்கரை வரைக்கும் ஓடி கொலைக்கும், அன்னிக்கு நடு வாசல்ல தூங்கிகினு இருந்து வால்ல மிதி வாங்குச்சி. இவரு மூஞ்சி துக்கம் விசாரிக்கப் போன மூஞ்சி. வண்டி ஓடுதான்னே அவருக்கு தெரியல. ஓடிகினு இருக்கற வண்டிய திரும்பத் திரும்ப ஒதைக்கறாரு.

தட்டு வைக்கற நாளு வந்திச்சி. அத்தயும் பங்காளிங்களும் மொத பஸ்ல போயிட்டாங்க. தட்ட வாழற சுமங்கலி தான் எடுத்துகினு போவணும், அது நான். அதிரசம், வெத்தல பாக்கு, பூவு எல்லாம் தட்டோட மடியில கட்டிகினு பின்னால ஏறினேன். அஞ்சலை வாசல் வரைக்கும் வந்து என் தலையில பூவ சரி பண்ணிட்டு, காதாண்ட வந்து சொன்னா: “அண்ணி, அங்க போயி நீ ஒண்ணும் பேச வேணாம். தட்ட மட்டும் வச்சிட்டு வா.”

நான் இன்னா பேசப் போறேன்னு அவள அதட்டிட்டு கெளம்பினேன்.

வண்டி பூனை மாதிரி போவுது. வழியில இவரு ரெண்டு தடவ நிறுத்தி, வண்டி நின்னுபோச்சோன்னு எறங்கி பாத்தாரு. திருக்கழுக்குன்றத்துல ஒருத்தரு விடாம புது சைலன்சர காமிச்சாரு. நேரம் போச்சி. நான் பஸ் இன்னும் வந்திருக்காதுன்னு தெகிரியமா இருந்தேன். சவுக்குத்தோப்புக்குள்ள நொழைஞ்சதும் மணல் பாத. ஊர்ந்துகினு போறோம். சுத்தி ஒரு ஈ காக்கா இல்ல. வண்டியில ஏறினா பேசற வாயி, சும்மா இருக்குமா? பழைய சைலன்சருக்கு பழகன தொண்டையாலயே ஆரம்பிச்சேன்.

“இன்னாங்க, இந்த அதிரசம் அஞ்சலை சுட்டதுன்னு சொல்லணுமாம் உங்கம்மா. அவளுக்கு வெந்நி வச்சாலே அடி புடிக்குது!”

“சொல்லிடு. கண்ணாலம் ஆனா அப்பறம் அவங்க பாடு!” அவருக்கு காது மந்தம், எனக்கு மேல கத்தறாரு.

“அந்த மாப்பிள்ள போட்டோவுலயும் முண்டாசு, பொண்ணு பாக்க வந்தப்பவும் முண்டாசு! உள்ள முடி கீதா இல்லையான்னு யாராவது பாத்தீங்களா?”

“தரகரு சுருட்ட முடின்னாரு!”

“உங்கம்மாவுக்கு கண்ணு தெரியலன்னா நாம தானே பாக்கணும்! ஊசி கோக்க கண்ணு தெரியல, நான் கொழம்புல எண்ண ஊத்தனா மட்டும் மூணு தெரு தாண்டி தெரியுது!”

சொல்லி முடிக்கறேன், தோப்பு முடிஞ்சிபோச்சி. எதிர்ல மாப்பிள்ள வூட்டு வாசலு.

அந்த பக்கத்து வழக்கம் இன்னா தெரியுமா? தட்டு உள்ள போற வரைக்கும் பொண்ணு வூட்டு ஆளுங்க வாசப்படி தாண்டக் கூடாது. அதனால எல்லாரும் வேப்பமரத்து நெழல்ல பாய விரிச்சி உக்காந்து, எங்க வண்டி வருதான்னு ரோட்ட பாத்து காத தீட்டி வச்சிகினு இருந்தாங்க. பஸ்ஸு எப்பவோ வந்திடுச்சி. கடலக்கா ஒடச்சிகினு இருந்த பொம்பளைங்க கை அப்டியே நிக்குது. முண்டாசோட மாப்பிள்ள. பக்கத்துல அவங்கம்மா. அந்தாண்ட என் மாமியாரு. அவங்க என்ன பாத்த பார்வைய நான் இன்னா சொல்றது, அன்னிக்கு அவங்களுக்கு கண்ணு நல்லாவே தெரிஞ்சிச்சி.

எனக்கு மணலுக்குள்ள பூந்துடலாம்னு இருந்திச்சி. அஞ்சலை சாணி அள்ளினது தான் கண்ணு முன்னால வந்திச்சி. ரெண்டாவது எடத்தையும் கெடுத்தாச்சி. மொதல்லயாவது வண்டி கெடுத்திச்சி, இப்ப நான்.

மாப்பிள்ளையோட அம்மா எழுந்து வந்தாங்க. என் மடியிலேந்து ஒரு அதிரசத்த எடுத்து, நிதானமா பிட்டு, மென்னு முழுங்கினாங்க.

“யாரும்மா சுட்டது?”

நான் தான்னேன்.

“தெரியும். தோப்பு முனையிலேந்தே சொல்லிகினு வந்தியே.”

அப்ப மாப்பிள்ள இன்னா பண்ணாரு தெரியுமா? மெதுவா முண்டாச அவுத்து, முகத்த தொடச்சிகினு, மடிச்சி தோள்ல போட்டுகினாரு. தல கழுவி கவுத்த பித்தள சொம்பு மாதிரி மின்னுது. என்ன பாத்து, “சந்தேகம் தீந்துச்சா அக்கா?”ன்னாரு. மொதல்ல சிரிச்சது அவங்கம்மா தான். “உங்களுக்கு சுருட்ட முடின்னவன் தான் எங்களாண்ட பொண்ணு சமையல்ல கெட்டின்னான். தரகன் ஒரே ஆளு போலகீது.” அப்பால அத்தய பாத்து, “வெந்நியாவது வைப்பாளா?”ன்னு கேட்டாங்க.

“வைப்பா,” அத்த வெறப்பா சொன்னாங்க.

“போதும். என் புள்ள டீக்கட வச்சிகீறான், அவன் வூட்ல அவ எதுக்கு சமைக்கணும்? தட்ட உள்ள எடுத்துகினு போம்மா. ஆனா ஒண்ணு, இந்த அதிரசம் வருசா வருசம் தீவாளிக்கு வரணும். உன் கையால.”

இது தான் அந்த தண்டன. அந்தம்மா போயி சேந்து எவ்ளோ காலமாச்சி, இன்னும் நான் சுட்டுகினு தான் கீறேன். அஞ்சலை பேரப்புள்ள எடுத்தாச்சி, அவ வெந்நி இப்பவும் அடி தான் புடிக்குது.

எங்க அத்த? என்ன ஒரு வார்த்த வையல. பஸ் ஏறறதுக்கு முன்னால மகனை கூப்ட்டு, “அந்த பழைய கொழாய தூக்கிப் போட்டுட்டியாடா?”ன்னு கேட்டாங்க. இவரு கோணியில சுத்தி மாட்டுக்கொட்டாயில வச்சிகீறேன்னாரு. “நாளைக்கே எடுத்து மாட்டு. ஊருக்கு உன் வண்டி சத்தம் கேட்டா கேக்கட்டும், இவ பேசறது கேக்க வேணாம்.” அந்த மனுசன் மூஞ்சியில அப்டி ஒரு சிரிப்ப நான் எங்க கண்ணாலத்துல கூட பாக்கல. அஞ்சலை கண்ணாலத்துல மோளத்துக்கு மேல அந்த வண்டி தான் கேட்டுச்சி. அத்த மட்டும், நான் கொழம்புல எண்ண ஊத்தறப்பெல்லாம், கூடத்துல இருந்தபடியே, “மூணு தெரு தாண்டி தெரியுது, கொறச்சி ஊத்து”ன்னுவாங்க. சாவற வரைக்கும்.

இப்ப இந்த பேரன் பசங்க, நான் போன்ல பேசனா போதும், “பாட்டிக்கு சைலன்சர் கழண்டுகிச்சி”ன்னுதுங்க. நான் இன்னா அவ்ளோ சத்தமாவா...

இன்னாடி அது, எதிர் வூட்டு ஜன்னல்ல நின்னு சிரிக்கறாங்க? மாடியில வேற ரெண்டு பேரு. நான் உன்னாண்ட மட்டும் தானே சொல்லிகினு இருந்தேன். நவுரு நவுரு, எண்ண பொகையுது. அந்த வாழ எலைய இப்டி குடு.