தண்ணீர் லாரியும் என் நிர்வாகத் திறனும்

நிர்வாகத்தை ஒரு கலை என்று சொல்கிறவர்கள் என்னை நேரில் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் விஞ்ஞானம் என்றே சொல்லியிருப்பார்கள். குடிநீர் வாரியத்தின் கிளை அலுவலகம் ஒன்றை ஒன்பது ஆண்டுகள் நான் நடத்திய விதத்தைப் பிற்கால மாணவர்கள் ஆராயக்கூடும். அவர்கள் சிரமப்படக் கூடாது என்பதற்காக ஒரே ஒரு சம்பவத்தை இங்கே பதிவு செய்கிறேன்.

எங்கள் கிளையில் ஓர் அதிகாரி, அதாவது நான். ஓர் எழுத்தர் அம்மா. இருபத்து நான்கு வயதான ஒரு டீசல் தண்ணீர் லாரி. அதை ஓட்டுபவர் என் அக்காவின் கணவர். வீட்டில் நான் அவரை "அத்தான்" என்பேன். அவர் என்னை "மாப்ள" என்பார். அலுவலக வாசலைத் தாண்டியதும் அவர் "சார்" என்பார். நான் தொண்டையைச் செருமுவேன். இதற்கு நிர்வாகத்தில் 'பணி சார்ந்த இடைவெளி' என்று பெயர்.

வாரத்தில் மூன்று நாள் நான் என் காரில் அலுவலகம் வருவேன். மற்ற மூன்று நாள் 'களப்பணி'. எந்த மூன்று நாள் என்பதை அன்றன்று காலையில் படுக்கையில் இருந்தபடியே முடிவு செய்வேன். களப்பணி விவரங்களை வெளியிட இயலாது. என் வீட்டு ஈசிச்சேர் அறியும்.

லாரியின் முதல் வேலை, காலை ஏழு மணிக்குள் மகப்பேறு மருத்துவமனைக்குத் தண்ணீர் கொண்டுபோவது. அதில்தான் சிக்கல் வந்தது. சில நாள் காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பும். சில நாள் முக்கால் மணி நேரம் 'கிர்ர்... கிர்ர்...' என்று முனகிக்கொண்டே இருக்கும். கிளம்பிவிட்டால் நாள் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. நான் உடனே ஆய்வுக் கூட்டத்தைக் கூட்டினேன்.

"சார், காலையில கிளம்ப மாட்டேங்குது. ஒரு நாள் சொன்ன பேச்சு கேக்குது, ஒரு நாள் உயிரை வாங்குது" என்றார் அத்தான்.

"சதவீதம்?"

"எதுல சார்?"

"கிளம்பாமையின் சதவீதம்."

"கிளம்பலன்னா கிளம்பலதான் சார். அதுல காலு, அரைன்னு ஏது?"

இத்தகைய மனப்பான்மையோடு நான் எவ்வளவு போராடியிருப்பேன் என்று வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். கூட்டத்தின் முடிவில் பேட்டரியை மாற்ற உத்தரவிட்டேன். மறுநாள் மாற்றினார்கள். அந்த வெற்றியின் களைப்பில் அன்றிலிருந்தே இரண்டு நாள் களப்பணிக்குப் போனேன். அடுத்த இரண்டு காலையும் லாரி அருமையாகக் கிளம்பியது. திரும்பி வந்து பொறுப்பேற்றேன், மறுநாள் படுத்துவிட்டது. அடுத்து செல்ஃப் மோட்டாரை மாற்றினோம். மறுபடி வெற்றி, மறுபடி களப்பணி. நான் வந்த மறுநாள் மறுபடி முனகல். டீசல் ஃபில்டர், நாசில்கள், சாவித் துவாரம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கடைசியில் அந்த லாரியில் பழையது என்று மிஞ்சியது, சக்கரங்களும் அத்தானும்தான்.

மெக்கானிக்கை மூன்று முறை வரவழைத்தேன். எது கேட்டாலும் "இன்னொரு தடவை அடிங்க" என்பார். அதனால் ஊரில் அவருக்கு 'இன்னொருதடவை' என்றே பெயர். சோதனைக்கு எப்போதும் நான் களப்பணி முடித்துத் தெம்பாகத் திரும்பும் காலையைத்தான் தேர்ந்தெடுப்பேன். மூன்று முறையும் முதல் அடியிலேயே லாரி கிளம்பிவிட்டது. இன்னொருதடவைக்கு இன்னொரு தடவை கேட்கவே வழியில்லை.

"வண்டி நல்லாத்தானே இருக்கு" என்று அவர் கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. எந்திரத்தில் குறையில்லை என்றால், குறை மனிதனில்தானே இருக்க வேண்டும்?

இந்தக் கண்டுபிடிப்புக்கு ஒரு வாரத்தில் ஆதாரமும் கிடைத்தது. ஒரு நாள் முனகல் மூன்று மணி நேரம் நீண்டு, தண்ணீர் ஒன்பதரை மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தது. அதற்குள் மருத்துவமனைத் தலைமை நர்ஸ் என்னைத் தொலைபேசியில் பிடித்துவிட்டார்.

"சார், பதினாலு குழந்தை பொறந்திருக்கு, ஒண்ணைக்கூடக் குளிப்பாட்டல. கை கழுவத் தண்ணியில்லாம டாக்டர் ஆபரேஷனை நிறுத்தி வச்சிருக்காரு. உள்ள ஒரு பொண்ணு வலியில துடிக்குது. லாரி எங்க?"

"தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும், அம்மா."

"நடவடிக்கையில கை கழுவ முடியாது சார்" என்று வைத்துவிட்டார். (தாயும் சேயும் நலம் என்று பின்னால் தெரிந்தது. அது என் நடவடிக்கையால் அல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.)

அன்றே குறிப்பாணை தயாரானது. 'வாகனத்தைக் கிளப்புவதில் போதிய ஆர்வம் காட்டாமை' என்ற குற்றச்சாட்டுக்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும். தவறினால் ஓட்டுநர் பணியிலிருந்து விலக்கி வாசல் காவலுக்கு மாற்றப்படுவார். அத்தான் அதை இரண்டு முறை படித்தார். கையெழுத்துப் போட்டார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"சார், அக்காவுக்கு மாத்திரை தீந்துபோச்சு. போற வழியில நீங்க வாங்குறீங்களா, நான் வாங்கட்டுமா?" என்று கேட்டார்.

நான் தொண்டையைச் செருமினேன்.

அன்று மாலை, எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் அக்கா இறங்கி வந்தாள். கையில் அந்தக் காகிதம்.

"இதை நீதான் எழுதினியாடா?"

"அலுவலகம் எழுதியது, அக்கா."

"அலுவலகத்துக்கு எப்படா கை முளைச்சுது? சரி, அவரு கையைப் பாத்தியா?"

பார்க்கவில்லை. அத்தானின் வலது கட்டைவிரல் தோல் உரிந்து, துணி சுற்றியிருந்ததாம். சிரமப்படுத்தும் நாட்களில் டீசலைக் கையாலேயே அடித்து ஏற்ற எஞ்சின் பக்கத்தில் கட்டைவிரல் அளவு பம்பு ஒன்று உண்டு. நூறு, இருநூறு தடவை அழுத்த வேண்டும்.

"ரெண்டு மாசமா அஞ்சு மணிக்கே எழுந்து ஓடுறாரு. எதுக்குன்னு ஒரு நாள் கேட்டிருப்பியா? ஆர்வம் காட்டலையாம், ஆர்வம்!"

அதைக் கேட்பதற்குப் படிவத்தில் இடமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா கதவைச் சாத்திவிட்டாள். அதன்பின் ஏழு நாளும் என்னிடம் சொல்ல வேண்டியதை என் மனைவியிடம் சொன்னாள், நான் பக்கத்திலேயே நிற்கும்போது.

ஏழாம் நாள் காலை ஆறு மணிக்கு நேரடி விசாரணை. அதற்கான கோப்புகளை அடுக்குவதற்காக நான் முந்தின நாள் முழுக்க அலுவலகத்தில் இருந்தேன். இதுவரை எந்தச் சோதனைக்கும் நான் இவ்வளவு உழைத்ததில்லை. அதன் பலன் உடனே தெரிந்தது. மெக்கானிக் முன்னிலையில், முதன்முறையாக, லாரி கிளம்பவில்லை.

இன்னொருதடவையின் முகம் மலர்ந்தது. "இன்னொரு தடவை அடிங்க!"

கிர்ர்... கிர்ர்...

அவர் பின்னால் போய்ப் புகைக்குழாயைப் பார்த்தார். "ஒரு பொட்டுப் புகை இல்ல. எஞ்சினுக்கு டீசலே போகல." பையிலிருந்து கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் குழாயை எடுத்து, டீசல் வரும் வழியில் மாட்டினார். அத்தான் கைப்பம்பை அழுத்தினார். குழாய்க்குள் டீசலுக்குப் பதிலாகக் குமிழ் குமிழாகக் காற்று ஓடியது.

"ஏர் எடுக்குது" என்றார். பிறகு இரண்டடி பின்வாங்கி லாரியை ஒரு பார்வை பார்த்தார். "ஆமா, வண்டி எப்பவும் இப்படி மூக்கைத் தூக்கிக்கிட்டுத்தான் நிக்குமா?"

நான் கோப்பைப் புரட்டினேன். அத்தான் சக்கரத்தைப் பார்த்தார். எழுத்தர் அம்மா மட்டும் அக்குளில் இடுக்கியிருந்த இரண்டு பதிவேடுகளைப் பிரித்தார். ஒன்று வண்டியுடையது. மற்றொன்று வருகைப் பதிவேடு.

"சார் வராத நாள்ல லாரி ஷெட்டுல நிக்கும். அங்க தரை சமம். சார் வந்த நாள்ல, நாலு மணிக்கு லாரி திரும்புறப்போ ஷெட்டுல சார் கார் நிக்கும். அதனால லாரியை இந்தச் சரிவுல விட்டுட்டுப் போவாங்க" என்று நிதானமாகப் படித்தார். "ரெண்டு மாசத்துல வண்டி மக்கர் பண்ணினது இருபத்தோரு காலை. இருபத்தொண்ணுக்கும் முந்தின நாள் சார் ஆபீசுக்கு வந்திருக்காங்க."

"தற்செயலாக இருக்கலாம்" என்றேன்.

"காய்ச்சல்னு எட்டு நாள் வீட்டுல இருந்தீங்களே சார், அந்த எட்டு நாளும் ஒரே அடிதான்."

மெக்கானிக் எனக்காக எளிமையாக விளக்கினார். டீசல் குழாய் இணையும் இடத்தில் ஒரு வாஷர் தேய்ந்திருக்கிறது. அதன் வழியே காற்று புகுகிறது. சமதரையில் நின்றால் டீசல் இருந்த இடத்திலேயே இருக்கும். மூக்கைத் தூக்கி நிறுத்தினால், விடிவதற்குள் எஞ்சினை விட்டுப் பின்வாங்கி டாங்கிக்கே போய்ப் படுத்துக்கொள்ளும். களப்பணியின் தத்துவம் ஒரு திரவத்துக்குக்கூடப் புரிந்திருந்தது எனக்கு வியப்பளித்தது.

"அத்தான்," என்றேன். அலுவலக எல்லைக்குள் அந்தச் சொல்லை நான் உச்சரித்தது அதுவே முதல் முறை. "உங்களுக்கு இது தெரியுமா?"

"மேட்டுல நிறுத்தினாத்தான் இப்படிப் பண்ணுதுன்னு ஒரு சந்தேகம் இருந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது மாப்ள? ஷெட்டுல 'அதிகாரி வாகனம் மட்டும்'னு நீங்களே பிரஷ் பிடிச்சு எழுதினீங்க. ரெண்டு நாள் வேலை. எழுத்து வேற அவ்வளவு அழகா இருந்துச்சு. எல்லார் முன்னாடியும் உங்களைப் போய்..." என்று நிறுத்திக்கொண்டு, துணி சுற்றிய விரலைப் பின்னால் மறைத்தார்.

விரல் நகமளவு வாஷர். பத்து நிமிட வேலை. சரிவிலேயே நின்றபடி லாரி முதல் அடியில் கிளம்பியது. அத்தான் ஏறி உட்கார்ந்து, ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே மருத்துவமனைக்குப் போய்விட்டார்.

மிச்சமிருந்தது இறுதி அறிக்கை. 'பழுதின் தன்மை' என்ற கட்டத்தில் 'அலுவலகத்தில் நிலவிய சாய்வு' என்று எழுதச் சொன்னேன். இரண்டு விதத்திலும் உண்மை. 'காரணம்' என்ற கட்டத்துக்கு 'வாகனத்தின் வயது' என்றேன். எழுத்தர் அம்மாவின் விரல்கள் நின்றன.

"அப்படி எழுதினா ஓட்டுநர் மேல இருக்கிற குற்றச்சாட்டு போயிடுமா சார்?"

போகாது. வயதான வாகனத்தில் ஆர்வம் காட்டாத ஓட்டுநர் என்று இன்னும் பொருத்தமாக உட்கார்ந்துகொள்ளும். சன்னல் வழியே ஷெட்டைப் பார்த்தேன். என் எழுத்து உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. ஒன்பது ஆண்டுகளில் செய்யாத ஒன்றைச் செய்தேன். குறிப்பாணையை ரத்து செய்துவிட்டு, 'பழுதுக்குக் காரணமான பாகம்' என்ற இடத்தில் என் கையாலேயே 'கிளை அதிகாரி' என்று எழுதி அனுப்பினேன். நகலைப் படித்த அக்கா, "எழுத்துப் பிழை இல்ல" என்றாள். என்னிடமே சொன்னாள்.

தலைமையகத்திலிருந்து பத்தே நாளில் பதில் வந்தது. 'அறிக்கை ஏற்கப்பட்டது. விதிகளின்படி, பழுதுக்குக் காரணமான பாகத்தை உடனடியாக அகற்றித் தலைமையகத்துக்கு அனுப்பி வைக்கவும்.'

எழுத்தர் அம்மா விதிமீறலை அனுமதிக்காதவர். அத்தான் என்னை லாரியிலேயே தலைமையகத்துக்குக் கொண்டுவந்து இறக்கி, 'பாகம் ஒன்று, பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, "உடம்பைப் பாத்துக்கோங்க மாப்ள" என்று கிளம்பினார். முதல் அடியிலேயே.

இங்கே எனக்கு நல்ல வரவேற்பு, பெரிய மேசை, பதவி உயர்வு. நான்கு மாடிக் கட்டடம். எல்லாக் கிளைகளிலிருந்தும் கழற்றி அனுப்பப்பட்ட பாகங்கள், மாடிக்கு அறுபது பேர் இருக்கிறோம். உங்கள் ஊர்க் கிளைக்கு வரும் உத்தரவுகளை நாங்கள்தான் எழுதுகிறோம்.