நீல வயல் மண் நிறமான விவகாரம்

அன்பும் மரியாதையும், அவற்றோடு கொஞ்சம் தயக்கமும் சேர்த்துப் பெரியம்மாவுக்கு உங்கள் தங்கை மகள் எழுதுவது.

இங்கே அப்பாவின் முழங்கால் நலம். பிரேக் மாற்றிய பிறகு அவருடைய சரக்கு வேனும் நலம். அம்மா மிகமிக நலம். அதனால்தான் இந்தக் கடிதம். போனில் பேசியிருக்கலாம். ஆனால் நான் போனைக் கையில் எடுத்தாலே அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஏற்கெனவே மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிக்க ஆரம்பித்துவிடுகிறாள். தவிர, எனக்கு வாயைவிடக் கை தேவலை என்பது உங்களுக்கே தெரியும். நீங்கள் எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். அம்மாவின் வாயிலிருந்து ஓர் உண்மையை வரவழைத்துத் தர வேண்டும். அவள் உலகத்தில் யாரிடமும் மறைப்பாள், உங்களிடம் மட்டும் மறைக்க மாட்டாள்.

போன தடவை வந்திருந்தபோது, குளியலறையில் நான் வரிசையாக வைத்திருந்த தட்டுகளைப் பார்த்து, "இது வீடா, சாயப்பட்டறையா?" என்று கேட்டீர்களே, அந்த விவகாரம்தான். நான் வயல், வரப்பு, குளம், வண்டித் தடம் என்று ஆள் இல்லாத இடங்களாகப் பார்த்துப் படம் எடுக்கிறேன் இல்லையா, அதைக் கடையில் கொடுக்காமல் வீட்டிலேயே கையால் அச்சுப் போடுகிறேன். தடித்த காகிதத்தில் மருந்தைப் பிரஷ்ஷால் பூசி, இருட்டில் உலர்த்தி, மேலே நெகடிவை வைத்து, கண்ணாடியால் அமுக்கி, மொட்டைமாடி வெயிலில் கால் மணி நேரம் காட்ட வேண்டும். பிறகு தண்ணீரில் ஊறவைத்து அலசினால் படம் நீலமாக எழும்பி வரும். இருட்டு வேலைக்குச் சாமான் அறை, தண்ணீர் வேலைக்குக் குளியலறை. தினமும் காலையில் அப்பா தோளில் துண்டோடு கதவுக்கு வெளியே நின்று, "வயலு குளிச்சு முடிச்சிருச்சாம்மா? நான் போகலாமா?" என்று கேட்பார்.

அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது நான் கேட்ட இடத்திலெல்லாம் வேனை ஓரம் கட்டுகிறார். முதல் நாள் மட்டும், "என்னம்மா எடுக்கறே, அங்க ஒண்ணுமே இல்லையே?" என்றார். "அதைத்தான்பா எடுக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். அது தப்பாகப் போயிற்று. அன்றிலிருந்து ஒன்றுமில்லாமல் பார்த்துக்கொள்வது தன் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டுவிட்டார். ஒரு நாள் அறுவடை முடிந்த வயல், நடுவில் ஒற்றை மரம், மரத்தில் சாய்த்து ஒரு பழைய சைக்கிள். அந்த சைக்கிளுக்காகத்தான் வேனையே நிறுத்தச் சொன்னேன். கேமராவின் முக்காலியை நிமிர்த்திவிட்டுத் தலை தூக்கிப் பார்த்தால், அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறார். "அசிங்கமா நின்னுச்சு, ஓரமா வைக்கிறேன், நீ எடு" என்கிறார். அந்தப் பக்கப் புதரிலிருந்து சைக்கிளுக்குச் சொந்தக்காரர், "யோவ், யாருய்யா அது, பட்டப்பகல்ல!" என்று ஓடி வருகிறார். அப்பா விளக்கம் சொல்ல, அவர் நம்பாமல் பூட்டைத் தடவித் தடவிப் பார்க்க, நான் வெட்கத்தில் கேமராவுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டவள் அப்படியே பட்டனையும் அழுத்திவிட்டேன். படத்தில் மரம் மட்டும்தான் விழுந்தது. ஆனால் எதையோ பறிகொடுத்துவிட்டு நிற்கிற மாதிரி நிற்கிறது. எனக்கு அந்தப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது.

நீங்கள் ஊருக்குக் கிளம்பிய நாள் காலையில் அந்த மரத்தைத்தான் அச்சுப் போட்டேன். நல்ல நீலம். ஒரு மணி நேரம் ஊறட்டும் என்று தட்டில் போட்டுவிட்டு, அப்பாவோடு படங்களுக்குச் சட்டம் வாங்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் தட்டு காலி. படம் கொடியில் இரண்டு கிளிப்பில் தொங்குகிறது, நீலம் பொட்டுக்கூட இல்லை! வானம் பழைய யானைத் தந்த நிறம், வயல் மழையில் நனைந்த மண் நிறம், மரம் கருப்புக்கு ஒரு படி முன்னால் நின்றுவிட்ட பழுப்பு. நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன், அம்மா அடுப்பங்கரையிலிருந்து நான் கேட்பதற்கு முன்னாலேயே, "நான் தொடவே இல்லை!" என்கிறாள். நீங்களே சொல்லுங்கள் பெரியம்மா, கேட்காத கேள்விக்கு யார் பதில் சொல்வார்கள்? அன்றைக்கு உங்களிடம் முறையிடலாம் என்றால், நீங்கள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் பையை மூன்று தடவை திறந்து திறந்து மூடினீர்கள். பஸ் கவலை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். கிளம்பும்போது என் தலையைத் தடவி, "போனா போகட்டும், வேற ஒண்ணு பண்ணிக்கலாம்" என்றீர்களே, நான் தேறாமல் போன வங்கிப் பரீட்சையைத்தான் சொல்கிறீர்கள் என்று நெகிழ்ந்துபோனேன்.

காட்சிக்கூடத்தில் கண்காட்சிக்கு என்று ஐந்து படம் கேட்டிருந்தார்கள். அதற்கு அன்று மாலைதான் கடைசி. வேறு வழியில்லாமல் அதையும் சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு, அங்கே நின்றால் ஏதாவது கேட்பார்கள் என்று ஓடி வந்துவிட்டேன். மறுநாளே கூப்பிட்டு அனுப்பினார்கள். காட்சிக்கூடத்துக்காரர் நாலு நீலத்தையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, இந்த ஒன்றை மட்டும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இந்த நிறம் எப்படிம்மா வந்துச்சு?" என்றார். நான், "தண்ணியில அலசினேன் சார்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "சொல்ல வேண்டாம்னா விடுங்க. வாசல் சுவரு உங்களுக்கு. இதே படம் இதே நிறத்துல இன்னும் நாலு வேணும்" என்றார். அதற்கும் நான் சரி என்றேன். அவர் விடவில்லை. "கையால போட்டதுன்னா திரும்பப் போடத் தெரியணும். திரும்ப வரலைன்னா அது உங்க வேலை இல்லை, தற்செயலா நடந்தது. அப்ப சுவரை வேற ஒருத்தருக்குக் குடுத்துடுவேன்" என்றார். அதற்கும் என் வாயிலிருந்து வந்தது, "சரி சார்." நம் வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள் நான். மூன்று வருஷம் படித்த படிப்பில் எனக்குச் சரளமாக வருவது இந்த ஒரு சொல்தான் போலிருக்கிறது. அடுத்த மாதம் முதல் தேதிக்குள் நாலு படமும் போக வேண்டும். இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

இந்த மூன்று வாரமாக நான் செய்யாத சோதனை இல்லை. குளியல் சோப்புப் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. துணி சோப்புப் போட்டேன், படம் மங்கி, காய்ச்சலில் படுத்த மாதிரி ஆகிவிட்டது. தொட்டித் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று அப்பாவைத் தொட்டிக்குள் இறக்கினேன். அவர் தொட்டியைப் பளபளவென்று கழுவிவிட்டு, இருந்திருந்தால் அந்தத் தடயத்தையும் சேர்த்துக் கழுவிவிட்டு ஏறி வந்தார். அம்மாவிடம், "எதையாவது ஊத்தினியா? திட்ட மாட்டேன், சொல்லும்மா" என்று கெஞ்சினேன். "நான் தொடவே இல்லை, தொடவே இல்லை. எத்தனை வாட்டி சொல்றது!" என்கிறாள். ஆனால் கண் மட்டும் உத்தரத்தைப் பார்க்கிறது. அம்மா பொய் சொல்லும்போது உத்தரத்தைப் பார்ப்பாள், உங்களுக்குத் தெரியாததா. போதாக்குறைக்கு அதே நாளில் டீத்தூள் டப்பா வேறு காலி. இன்னும் ஒரு மாதத்துக்கு வர வேண்டியது. "மூணு வேளையும் டீ டீன்னு குடிச்சா எப்படி இருக்கும்?" என்று அம்மா அப்பாமீது பாய்ந்தாள். அப்பா பாவம், யோசித்துப் பார்த்துவிட்டு, "அதிகமாத்தான் குடிச்சிட்டேன் போல" என்று ஒப்புக்கொண்டு அன்றோடு டீயையே விட்டுவிட்டார். செய்யாத தப்பைக்கூட ஒத்துக்கொள்கிற மனிதர். செய்ததையே ஒத்துக்கொள்ளாத மனுஷி. நடுவில் நான்.

அவள்மேல் எனக்குக் கோபமே இல்லை பெரியம்மா. என் படத்தைக் கெடுத்துவிட்டோம் என்று பயந்துதான் மறைக்கிறாள். கெடுக்கவில்லை, நான் இதுவரை செய்ததிலேயே நல்லது அதுதான் என்று சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறாள். உங்களைச் சந்தேகிக்க வழியே இல்லை. அந்தத் தட்டுகளைக் கண்டாலே புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றிப் போகிறவர் நீங்கள். அதனால் ஒரு நடுநிலையாளராக, அக்காவாக, நைசாகப் பேசி வாங்கிக் கொடுங்கள். என்ன போட்டாள், எவ்வளவு போட்டாள், எவ்வளவு நேரம். இந்த மூன்றும் போதும். வாசல் சுவரில் நம் வீட்டு மரம் தொங்கினால், திறப்பு நாளில் உங்களைத்தான் முன்னால் நிறுத்துவேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், படிக்கட்டில் மெதுவாக இறங்குங்கள். பெரியப்பாவுக்கு என் வணக்கம். நீங்கள் மனதார வாழ்த்தினால் நாலு படமும் வந்துவிடும் என்ற நம்பிக்கையோடு,

உங்கள் செல்ல மகள்.

பி.கு.: இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். தபாலில் போட அப்பாவிடம் ரகசியமாகக் கொடுத்திருக்கிறேன்.

அக்கா, இது உன் தங்கச்சி நான்தான் எழுதுறேன். கவரை ஒட்டப் பசை எங்கே இருக்குன்னு அவரு நேரா என்கிட்டயே வந்து கேட்டாரு. உன் பொண்ணோட ரகசியத்தைப் படிச்சிட்டேன். நீ சத்தியம் வாங்கிட்டுப் போனதால மூணு வாரமா உத்தரத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்தே பிடிச்சுக்கிச்சு. இனிமே என்னால ஆகாது. சாயம் போகுது, அலசி வைக்கிறேன்னு சலவைச் சோடாவைப் போட்டது நீ. படமே காணாமப் போனதும் "புள்ளை உழைப்பை அழிச்சிட்டேனே"ன்னு குளியலறைத் தரையில உக்காந்து அழுதது நீ. மங்கின துணிக்குப் பண்ற மாதிரி டீத்தண்ணி காய்ச்சி அதுல முக்கிப் போட்டதும் நீ. டப்பாவைக் கவுத்தது நீ, பழி அவரு மேல. அவ சொல்ற மூணுல ரெண்டு எனக்குத் தெரியும், அளவுதான் தெரியலை. நேத்து அவ இல்லாத நேரம் பார்த்து, சோடா ரெண்டு கைப்பிடி, டீத்தூள் மூணு கைப்பிடின்னு நீ போட்ட மாதிரியே நானும் அவ ஒதுக்கி வச்ச ஒரு நீலப் படத்துல போட்டுப் பார்த்தேன். பாதி நீலம், பாதி அழுக்கு. என் கை சின்னது, உன் கை பெருசு. சின்ன வயசுல கடலை பங்கு போடும்போதே தெரிஞ்ச விஷயம்தானே. அளவு உன் கையிலதான் இருக்கு, அதைத் தபால்ல அனுப்ப முடியாது. கடுதாசி கிடைச்ச அன்னிக்கே கிளம்பி வா. நான் அவகிட்ட எதுவும் சொல்லலை, நீயே சொல்லிக்கோ. டீத்தூள் புதுசா வாங்கி ஒளிச்சு வச்சிருக்கேன். நாலு படத்துக்குப் போக மிச்சம் இருந்தா, முதல் டம்ளர் அவருக்கு.