ஷாஃபி சலூனுக்கு நாலு சட்டை

"திரும்பியிருக்கு மகாக்கா" என்றாள் பக்கத்து வீட்டு லதீஃபா.

நாலாவது சட்டையிலிருந்து பிளாஸ்டிக் தாளை உரித்துக்கொண்டிருந்த மகா நிமிர்ந்தாள்.

"என்னது திரும்பியிருக்கு?"

"எழுத்துதான். கடை பேரு பின்னாலேந்து முன்னால ஓடுது. நாலுலயும் அப்படித்தான். ஷாஃபி பாத்தா பிராந்து புடிச்சுக் கத்துவாரு!"

மகா சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உசிலம்பட்டியிலிருந்து கொச்சி மட்டாஞ்சேரியின் கொச்சங்காடிக்கு வந்து ஆறு வருஷம். மலையாளத்தில் சண்டை போடுவாள், மத்திக்குப் பேரம் பேசுவாள், படிக்கத்தான் தெரியாது. அவள் கண்ணுக்கு அத்தனை எழுத்தும் பிழிந்துவிட்ட இடியாப்பம். இடியாப்பத்துக்கு இடது எது, வலது எது?

"மிரர் போட்டேனேடி! வீடியோவுல அந்தப் பொண்ணு அஞ்சு தடவ சொன்னா. வினைல் தாளைப் பின்பக்கமாத்தான் வெட்டணும், அதனால மிரர் பொத்தானை அமுக்கித் திருப்பிட்டு வெட்டு, சட்டையில ஒட்டுறப்ப நேராயிரும்னு!"

"ஷாஃபி போன்ல அனுப்பின படத்தைக் காட்டுங்க."

காட்டினாள். லதீஃபா போனைச் சாய்த்துப் பார்த்தாள், தன் தலையையும் சாய்த்துப் பார்த்தாள்.

"படமே திரும்பித்தானே இருக்கு! ஆங்... செல்ஃபி கேமராவுல எடுத்திருப்பாரு. என் மச்சம்கூட அதுல மத்த கன்னத்துக்குப் போயிடும். எதுக்கும் ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்க."

"செத்தாலும் கேக்க மாட்டேன்!"

காரணம் இருந்தது. ஷாஃபி இந்த வேலையை முதலில் தோப்பும்படியில் ஒருத்தரிடம்தான் கொடுத்திருந்தார். அந்த ஆள் ஏதோ சொந்தப் புத்தியைக் காட்டிக் கெடுத்துவிட்டாராம். "சொன்னதை அப்படியே செய்யற ஆளு வேணும் சேச்சி" என்று சொல்லித்தான் மகாவிடம் வந்தார். இன்று நாலு மணிக்குப் புதுச் சலூன் திறப்பு. சட்டை நன்றாக வந்தால் கும்பளங்கியில் இருக்கும் அவருடைய இன்னொரு கடைக்கும் அவள்தான். வராவிட்டால்...

வராவிட்டால் என்ன ஆகும் என்பது கதவோரம் நின்றது. வெட்டும் மெஷின் வந்த அட்டைப்பெட்டி. பிடிக்காவிட்டால் ஏழு நாளுக்குள் திருப்பி அனுப்பலாம். இன்று ஏழாவது நாள். அவள் புருஷன் ஒச்சப்பன் பெட்டியைப் பூப்போலப் பிரித்து, டேப்பும் வாங்கி மேலே வைத்திருந்தான். ஆறு மணிக்குக் கொரியர்க்காரன் வருவான். "ஜாக்கெட் தச்சமா, சாயா குடிச்சமான்னு இருக்கணும். நமக்கு எதுக்கு கம்ப்யூட்டர் கத்தி?" என்பது ஒச்சப்பன் கட்சி.

மணி பன்னிரண்டரை.

"உரிச்சுப் பாப்போம்" என்றாள் மகா.

இஸ்திரிப்பெட்டியால் சூடு காட்டி உரித்தார்கள். எழுத்து பாதி வந்தது. மீதி எழுத்து வரவில்லை, சட்டை வந்தது. நெஞ்சில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை.

சரக்கு ஆட்டோவில் மீன் பெட்டி இறக்கிவிட்டு அப்போதுதான் உள்ளே வந்தான் ஒச்சப்பன். ஓட்டையைப் பார்த்தான். அட்டைப்பெட்டியைப் பார்த்தான். டேப்பைக் கையில் எடுத்தான்.

"அதைக் கீழ வய்யி! ஓடிப் போயி நாலு கறுப்புச் சட்டை வாங்கிட்டு வா. இதே துணி, இதே அளவு."

"இந்த நாலு?"

"என்னமும் பண்ணு. என் கண்ணுல படக்கூடாது!"

அவன் போய் வருவதற்குள் மகா மிரரை எடுத்துவிட்டுப் புதிதாக வெட்டினாள். தங்க நிறத் தாளில் மூன்று சட்டைக்குக் கடைப் பேர் வந்தது. நாலாவது பாதியில் தாள் தீர்ந்தது.

"துண்டு துணுக்குல வெட்டலாம். கத்திதான் மொண்ணையாத் தெரியுது, கொஞ்சம் இறக்கி விடுங்க" என்றாள் லதீஃபா.

இறக்கினாள். கத்தி இப்போது வினைலை வெட்டி, அடித்தாளையும் வெட்டி, மெஷினுக்கு அடியிலிருந்த விரிப்பிலும் கையெழுத்துப் போட்டது. எழுத்தெல்லாம் கழன்று தரையில் கொட்டியது. ஃபேன் காற்றில் ஒன்று ஜன்னல் வரைக்கும் போய்விட்டது.

"ஃபேனை அமத்துடி!"

மூன்று மணிக்கு, மட்டாஞ்சேரிப் புழுக்கத்தில், ஃபேன் இல்லாமல், இரண்டு பெண்கள் தரையில் தவழ்ந்தார்கள். புருவம் பிடுங்கும் இடுக்கியால் மகா ஒவ்வொரு எழுத்தாகத் தூக்கினாள், லதீஃபா இடம் சொன்னாள்.

"அது அங்க இல்ல. கொஞ்சம் இடது. அய்யோ, அது தலைகீழு மகாக்கா!"

"எனக்கு எல்லாம் ஒண்ணாத்தாண்டி தெரியுது!"

"வேர்வை விழுது, தள்ளுங்க!"

மூன்று நாற்பதுக்கு நாலாவது சட்டையும் எழுத்தைச் சூட்டில் அழுத்தி ஒட்டும் மெஷினுக்குள் போய் வந்தது. லதீஃபா நாலையும் வரிசையாக வைத்து, விரல் வைத்து, எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"நேரா இருக்கு. படச்சவன் சத்தியமா நேரா இருக்கு!"

வெளியே ஆட்டோ ஹாரன் அடித்தது. ஓடிவந்து ஏறப்போன மகா, புருஷனைப் பார்த்து அப்படியே நின்றாள். கெட்டுப்போன சட்டைகளில் ஓட்டையில்லாத ஒன்று அவன் உடம்பில் இருந்தது. மற்ற மூன்றும் கந்தலாகக் கிழிந்து ஆட்டோக் கண்ணாடி துடைக்கும் துணியாகத் தொங்கின.

"அதை எதுக்குய்யா மாட்டுன? மானம் போகுது!"

"மீன் தண்ணி பட்ட சட்டையோட தெறப்பு விழாவுக்கு வரவா? புதுத்துணி. எழுத்துத்தான கோணல்? எவன் என் நெஞ்சைப் படிக்கப் போறான்?"

வாதாட நேரமில்லை.

சலூனில் பலூன் கட்டியிருந்தது. ஒரு சுவர் முழுக்கத் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, அதன் முன்னால் புது நாற்காலிகள். முதல் ஆளாகப் பப்படக் கடை வெங்கடேஸ்வரன் முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு சாய்ந்திருந்தார்.

"எந்தா சேச்சி, உயிரு போயிட்டு வந்துச்சு!" ஷாஃபி பையைப் பிடுங்கிப் பிரிக்காமலே உள்ளறைக்கு எறிந்தார். "மாட்டுங்கடா, வேகம்!"

நாலு பேரும் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். கறுப்பில் தங்கம் தகதகத்தது. நாற்காலிகளுக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். யாரோ கைதட்டினார்கள். மகா வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டாள். பக்கத்தில் ஒச்சப்பன்.

"பெட்டியைத் தூக்கிக் குப்பையில போடு" என்றாள் மெதுவாக. "மெஷின் எங்கயும் போகாது."

"சரி தாயி" என்றான் அவன், நெஞ்சை நிமிர்த்தி.

நாற்காலியிலிருந்த வெங்கடேஸ்வரன் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார். கண்ணை இடுக்கினார். நாலு நெஞ்சையும் ஒன்றொன்றாகப் பார்த்துவிட்டு, அவர்களுக்குப் பின்னால் வாசல்வரை பார்வையை ஓட்டினார். நுரைக்குள்ளிருந்து வாய் திறந்தது.

"ஷாஃபியே, நாற்காலில ஒக்காந்து கண்ணாடில பாக்கறவன் வாசிக்கணும்னுதானே நீ பேரைத் திருப்பி அடிக்கச் சொன்னே? அந்த வாசல்ல நிக்கற ஆளோட சட்டைல மட்டும்தானே சரியா இருக்கு!"