வரதன் சாரின் மூணாவது காலம்

உத்திரமேரூர் வட்டாரத்தில் தோற்பதில் எங்கள் நடுநிலைப் பள்ளிப் பெண்கள் கூடைப்பந்து அணியை யாரும் ஜெயிக்க முடியாது. நாலு வருஷம், நாலு தோல்வி. போன வருஷம் 32-க்கு 2. அந்த ரெண்டும் எதிர் அணிப் பெண் தவறுதலாக எங்களுக்குப் போட்டுக் கொடுத்தது.

இந்த வருஷமும் தோற்றால் கூடைக் கம்பத்தைப் பிடுங்கிவிட்டு, அந்த சிமெண்ட் தரையில் நெல் காயவைப்பது என்று ஊரில் முடிவாகிவிட்டது. பி.டி. வாத்தியார் வரதன், அதாவது நான், பொங்கி எழுந்தேன். எழுந்து போய் ஒரு சார்ட் பேப்பர் வாங்கினேன்.

மேலிருந்து கீழாக ரெண்டு காலம் கோடு கிழித்தேன். முதல் காலத்தில் நேரம்: காலை ஆறு முதல் ஏழே கால், மாலை நாலரை முதல் ஆறு. ரெண்டாவது காலத்தில் பயிற்சி: ஓட்டம், டிரிபிளிங், பாஸ், ஷூட்டிங். வட்டாரப் போட்டிக்கு மிச்சமிருந்த இருபத்தைந்து நாளைக்கும் எழுதினேன். நாலு கலர் ஸ்கெட்ச் தீர்ந்தது.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. என் மனைவி பரிமளா என்னை மாவு மில்லுக்கும் ரேஷன் கடைக்கும் விரட்டுவது சரியாக அந்த நேரங்களில்தான். இனி வீட்டில் நானே பாஸ் என்று சார்ட்டைச் சுவரில் ஒட்டினேன்.

பரிமளா எங்கள் பள்ளியிலேயே சத்துணவு அமைப்பாளர். சார்ட்டை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"இன்னாங்க இது?"

"டீமுக்குத் திட்டம். இருபத்தஞ்சு நாளைக்கு என்னை ஒரு வேலைக்கும் கூப்புடாத."

"புள்ளைங்க வருமா?"

"சார்ட்டுல போட்டுக்கீது. வந்துதானே ஆவணும்?"

முதல் நாள் ஒன்பது பேரில் ரெண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி பந்தைப் போட்டாள். ஒருத்தி ஓடிப்போய் எடுத்துவந்தாள். ரெண்டாம் நாள் கேப்டன் செவ்வந்தி மட்டும்.

"மத்தவங்க எங்கம்மா?"

"கீதா தண்ணி புடிச்சிக்கினு கீறா சார். ரெண்டு பேரு தம்பி பாப்பாவப் பாத்துக்கினு கீறாங்க. எங்கம்மா ஏழரை மணிக்கெல்லாம் நடவுக்குப் பூடும், நான்தான் மாடு கறக்கணும். போவட்டா சார்?"

போய்விட்டாள்.

மூணாம் நாள் கூடைக்குக் கீழே ஓர் ஆடு மட்டும் நின்றுகொண்டிருந்தது.

"இன்னிக்கி எத்தினி பேரு?" என்றாள் பரிமளா.

"ஒண்ணு."

"யாரு?"

"பேரு கேக்கல."

அவள் சிரிக்கவில்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"ஒம்போது பேரையும் நான் வரவெக்கட்டா?"

"நீயா?"

"நானேதான். வந்துட்டா இந்த சார்ட்டுல இன்னொரு காலம் சேத்துக்குவேன். சம்மதமா?"

காலம்தானே, கோடுதானே என்று நினைத்தேன். சம்மதம் என்றேன்.

"வாயால சொன்னா செல்லாது. கையெழுத்துப் போடுங்க."

சிவப்பு ஸ்கெட்சில் போட்டேன். அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஒன்பது வீட்டுக்கும் போய்வந்தாள்.

மறுநாள் காலை ஆறு மணி. ஒன்பது பேரும் வரிசையாக நின்றார்கள்! விசிலை ரெண்டு தரம் ஊதினேன். ஏழே காலுக்குப் பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். சார்ட்டில் மூணாவது காலம் தயாராக இருந்தது. தலைப்பு: "சார்".

7.20: செவ்வந்தி வீட்டு மாடு கறப்பது. 7.50: கீதா வீட்டுக்கு ஆறு குடம் தண்ணீர். 8.30: குழந்தைகள் மூன்று பேரை அங்கன்வாடியில் விடுவது. மாலை 6.10: ஆடுகளை ஓட்டிவருவது.

"இன்னாடி இது?"

"புள்ளைங்க ஆடிட்டு வந்து பள்ளிக்கூடம் கெளம்பவே சரியாப் பூடும், அந்த வேலைய யாரு பாக்கறது? எங்க வூட்டுக்காரரு பாத்துக்குவாருன்னு அவங்க அம்மாங்ககிட்ட சொல்லிட்டேன்."

"நான் வாத்தியாருடி!"

"சேப்பு ஸ்கெட்சுல கையெழுத்துப் போட்டது யாரு?"

என் நல்ல காலம் அன்றோடு முடிந்தது. மூணாவது காலம் ஆரம்பித்தது.

"சாரு, அது மடி. பந்து மாதிரி அமுக்காதீங்க" என்றாள் செவ்வந்தியின் அம்மா பாஞ்சாலி. மாடு உதைத்தது. அப்பட்டமான ஃபவுல். விசில் ஊத ரெஃப்ரி இல்லை. குடத்தோடு நான் நடந்தால் தெருவே கைதட்டியது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த இருபத்திரண்டு நாளில் ஒரு பெண்கூட ஒரு வேளைகூட வராமல் இருக்கவில்லை. செவ்வந்தி இடது கையாலும் கூடையில் போடக் கற்றுக்கொண்டாள். கீதா கண்ணை மூடாமல் பந்தைப் பிடித்தாள்.

போட்டி நாள். முதல் ஆட்டம் ஜெயித்தோம். அரையிறுதியும் ஜெயித்தோம். இறுதியில் எதிரே டவுன் பள்ளி. எல்லார் காலிலும் ஷூ. எங்கள் பிள்ளைகள் காலில் எங்கள் ஊர் மண். 18-க்கு 18. பத்து விநாடி பாக்கி. செவ்வந்தியை மூன்று பேர் மறித்தார்கள். அவள் பார்க்காமலே கீதாவுக்குத் தட்டிவிட்டாள். கீதா எறிந்தாள். பந்து வளையத்தின் மேல் ஒரு சுற்று வந்தது. உள்ளே விழுந்தது!

நான் அழுதேன். பாஞ்சாலி அழுதாள். நெல் காயவைக்கத் துடித்தவர்களே பட்டாசு வெடித்தார்கள். எனக்கு ரோஜா மாலை போட்டு ஊர்வலம் நடத்தினார்கள். மாலையோடு வீட்டுக்குள் நுழைந்தேன்.

"பாத்தியா பரிமளா! அடுத்த வாரம் மாவட்டப் போட்டி. காஞ்சிபுரத்துக்கு வேன்ல முன் சீட்டுல ஒக்காந்து போவப்போறேன்."

"பொண்ணுங்க டீமுன்னா கூட ஒரு லேடீஸ் போவணுமாம். ஹெச்.எம். என் பேரைக் குடுத்துட்டாரு."

"வா, வா. அதுக்கு இன்னா?"

"வேன்ல பத்து சீட்டுதாங்க கீது. நீங்க பாஞ்சாலி வூட்டு மாட்டைக் கறந்துட்டு, எட்டு மணி பஸ்ல வந்து சேருங்க."