பாலத்தை மன்னித்த அமைச்சர்

பதவியை விட்டாலும் பழக்கத்தை விடாத இனம் ஒன்று உண்டு, வாசகரே. ஓய்வுபெற்ற வாத்தியார் பேருந்தில் சத்தம் போடுகிறவரை எழுந்து நிற்கச் சொல்வார். முன்னாள் காவலர் பேத்தியின் பென்சில் காணாமல் போனால் குடும்பத்தையே தனித்தனியாக விசாரிப்பார். இவர்களால் பெரிய சேதமில்லை. ஆனால் இந்த இனத்தின் உச்சாணிக்கொம்பில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்: அரசியலுக்கு வந்த முன்னாள் பாதிரியார். அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். பிரசங்கத்தை மாட்டத்தான் ஆணி கிடைக்கவில்லை.

நம்மவரையே எடுத்துக்கொள்ளுங்கள். தேவாலயத்தில் தேர்தலைப் பற்றிப் பேசி, தேர்தல் மேடையில் நரகத்தைப் பற்றிப் பேசி, நாடே இரண்டுபட்டு, பத்திரிகைகள் பக்கம் பக்கமாகத் திட்டி, கடைசியில் திருச்சபை மேலிடம் கூப்பிட்டு "பீடமா, மேடையா? ஒன்றைச் சொல்லும்" என்று கேட்டபோது, "எதுல மைக் நல்லாயிருக்கும்?" என்று இவர் திருப்பிக் கேட்டதாகக் கேள்வி. மேடை ஜெயித்தது. அமைச்சரும் ஆனார். சாலைகள், பாலங்கள் இலாகா.

பாவமன்னிப்புக் கூண்டில் இருக்கிற மாதிரி அமைச்சர் அறையில் ஒரு திரை தொங்கும். திரைக்கு அந்தப் பக்கம் காண்ட்ராக்டர் வந்து உட்காருவார்.

"சிமெண்ட் கொஞ்சம் குறைஞ்சு போச்சு, ஃபாதர்."

"மனசார வருத்தப்படுறியா?"

"ராத்திரி தூக்கமே இல்ல, ஃபாதர்."

"சரி, போ. இனிமே செய்யாதே."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார், அடுத்த பாலத்துக்கும் உத்தரவு வாங்கிக்கொண்டு. இதற்குப் பெயர் நிர்வாகமா? அவரைக் கேட்டால் கருணை என்பார்.

கட்சிக் கூட்டமும் அவர் பொறுப்புத்தான். வாராவாரம் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசுவார். பேசி முடித்ததும், பூசை முடிவில் செய்கிற மாதிரி கண்ணை மூடி, இரண்டு கைகளையும் உயர்த்தி, "சமாதானமாய்ப் போய் வாருங்கள்" என்பார். உடனே எழுந்து பக்கத்து அறைக்குப் போய்விட வேண்டும். அங்கே டீயும் கேக்கும் இருக்கும். பிந்தி வந்தால் கேக் இருக்காது. பிரதமர் உட்பட ஒருவரும் பிந்துவதில்லை.

இப்படியிருக்கையில், மன்னிக்கப்பட்ட பாலங்களில் ஒன்று மழைக்காலத்தில் ஆற்றில் படுத்துக்கொண்டது. நல்லவேளை, அந்நேரம் அதன்மேல் யாருமில்லை. ஆனால் அக்கரையில் இருந்தது அமைச்சரின் சொந்த அக்கா வீடு. மூட்டுவலிக்காரி. ஆஸ்பத்திரிக்கு வர வேண்டுமானால் முழங்காலளவு தண்ணீரில் இறங்கிப் படகேற வேண்டும். ஒருநாள் நனைந்த சேலையோடு தம்பி அறைக்கே வந்துவிட்டார்.

"பாலம் என்னடா ஆச்சு?"

"மன்னிச்சிட்டேன்க்கா."

"யாரை?"

"எல்லாரையும்தான். பாலத்தையும்."

"விழுந்தா கட்டுவாங்கடா! நீ என்ன மன்னிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கே?"

எதிர்க்கட்சிக்கு இது போதாதா? அரசின்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வந்தது. ஆளுங்கட்சி அசரவில்லை. ஆள்பலம் இருந்தது. வாக்கெடுப்புக்கு முன்னால் நம்மவர் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

சொன்னார். என்ன பேச்சு! ஆற்றைப் பற்றிச் சொன்னார், மழையைப் பற்றிச் சொன்னார், சிமெண்டும் ஒரு காலத்தில் மண்தானே என்று உருகினார். எதிர்க்கட்சி வரிசையிலேயே ஒருவர் மூக்கைச் சிந்தினார். அரசு பிழைத்துவிட்டது என்று எல்லாரும் நினைத்த நேரத்தில், கண்ணை மூடினார். இரண்டு கைகளும் தாமாக உயர்ந்தன.

"சமாதானமாய்ப் போய் வாருங்கள்."

ஆளுங்கட்சி மொத்தமும் எழுந்தது. வரிசை கலையாமல் வெளியே போனது. பிடித்து நிறுத்த வேண்டிய கொறடா, கதவோரம் உட்கார்ந்திருந்த சௌகரியத்தில், முதல் ஆளாகப் போய்விட்டார்.

"தீர்மானத்தை ஆதரிக்கிறவர்கள் கையை உயர்த்தலாம்" என்றார் சபாநாயகர். எதிர்க்கட்சி உயர்த்தியது. ஆளுங்கட்சிப் பக்கம் நம்மவர் ஒருவர்தான் நின்றார், மூடிய கண்ணோடும் உயர்த்திய கையோடும்.

எண்ண வந்த குமாஸ்தா தலையைச் சொறிந்தார். "ஐயா, இதை ஒரு ஓட்டுன்னு போடவா, ரெண்டுன்னு போடவா?"

"ஒண்ணுன்னே போடுங்க. அதுவே ஜாஸ்தி."

பிரதமர் சபை கேன்டீனிலிருந்து வாயில் கேக்கோடு திரும்பி வந்தபோது முன்னாள் பிரதமராகியிருந்தார்.

பார்வையாளர் மாடத்திலிருந்து அக்கா மெல்ல இறங்கி வந்தார். தம்பியின் முகத்தில் ஒரு தெய்வீகக் களை.

"போனவங்க எல்லாரையும் மன்னிச்சிட்டேன்க்கா."

"அது கிடக்கட்டும். இப்ப நான் வீட்டுக்கு எப்படிடா போவேன்?"

அவர் கைகள் மறுபடி மேலே போயின. புதிய அரசும் பாலத்தைக் கட்டவில்லை. முந்தைய அரசை மன்னிப்பதா வேண்டாமா என்று விவாதித்துக்கொண்டிருக்கிறது. அந்த அம்மாள் இன்னும் படகில்தான் வருகிறார். எனக்கு மன்னிக்க மனசு வரவில்லை.

உங்களுக்கு? "ஐயோ பாவம், நல்ல மனுஷன், போகட்டும் விடுங்கள்" என்கிறீர்களா? படகேறுவது உங்கள் அக்கா இல்லையே, அதனால் மன்னிப்பு சுலபமாக வந்துவிட்டது. கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள், வாசகரே. உங்கள் கைகள் இரண்டும் இப்போது எங்கே இருக்கின்றன?