கத்திரி மாஸ்டர் கடல் பார்த்த லட்சணம்

மனிதர்களை முகம் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளாத ஒரே ஜீவன் திருப்பூரில் இருந்ததென்றால், அது எங்கள் கத்திரி மாஸ்டர்தான். அவரைப் பொறுத்தவரை கழுத்துக்கு மேலே யாருக்கும் எதுவும் கிடையாது. பனியன் தெரிந்தால் போதும், ஆளைச் சொல்லிவிடுவார்.

அறுபதுகளில் நான் சூபர்வைசராக இருந்த பனியன் கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். நிஜப் பெயர் என்னவென்று முதலாளிக்கே சந்தேகம். கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாலும் துணியில் நூலளவு பிசகாது. கம்பெனிக்கு வெளியேதான் தொல்லை. எதிரே வருகிறவர் யாரானாலும் சட்டைக் காலருக்குள் விரலை விட்டு, பனியனை வெளியே இழுத்துத் தையலைப் பார்ப்பார். சைக்கிளில் விளக்கில்லை என்று ஒருமுறை போலீஸ்காரர் நிறுத்தினார். அவர் பெயர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மாஸ்டர் அவர் பனியன் கழுத்தைப் புரட்டி, "இது ரெண்டு தொவைக்கே தாங்காதுங்க" என்று சொல்லியிருக்கிறார். ஸ்டேஷனுக்குப் போய்க் கெஞ்சிக் கூட்டி வந்தவன் நான்.

அவர் மனைவி செல்லாத்தாள் சேவூர்க்காரர். பிள்ளை இல்லை. கல்யாணமான புதிதில் "உனக்குக் கடல் காட்டறேன்" என்று மாஸ்டர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் வருஷத்துக்கு ஒருமுறை நினைவுபடுத்தி, பிறகு அதையும் விட்டுவிட்டார். பதினைந்து வருஷம் கழித்து இது முதலாளியின் மனைவி காதுக்குப் போனது. அவர் போட்ட சத்தத்தில் நான்கு நாள் லீவும், துணி மூட்டை ஏற்றும் வேனும் கிடைத்தன. மாஸ்டருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பெண்டாட்டி பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு, அடுத்தவர் உல்லாசப் பயணத்துக்கு நான் டிரைவரானேன்.

மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினோம். செல்லாத்தாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டியவர் உள்ளே இழுக்கவேயில்லை. ஊட்டியில் பனி இறங்கி, எதிரே இருந்த மலை மறைந்து மறைந்து தெரிந்தது. அவர் சேலைத் தலைப்பைக் காதைச் சுற்றிக்கொண்டு அசையாமல் நின்றார். மாஸ்டருக்கோ ஊரே பிடிக்கவில்லை. குளிருக்கு எல்லோரும் ஸ்வெட்டரையும் கோட்டையும் பூட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பனியன்கூட வெளியே தெரியவில்லை. இதெல்லாம் ஒரு ஊரா என்று கேட்டு அரை மணி நேரத்தில் வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டார்.

கூடலூர் வழியாக இறங்கி, மறுநாள் கோழிக்கோட்டுக் கடற்கரைக்குப் போனோம். செல்லாத்தாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கணுக்கால் அளவு தண்ணீரில் இறங்கினார். அலை வந்து காலை இழுத்ததும் சிரித்துவிட்டார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். திரும்பி, "ஏனுங்க, இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டார்.

மாஸ்டர் அங்கே இல்லை. வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் பனியன் போட்டிருந்தார்கள். அவர்கள் நடுவே புகுந்து, ஒருவருடைய பனியன் விளிம்பைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் மலையாளத்தில் கத்தினார். மாஸ்டர் கொங்குத் தமிழில் அது எந்த நம்பர் நூல் என்று கேட்டார். துடுப்பு ஓங்கப்பட்டபோது நான் ஓடிப்போய் அவரை இழுத்து வந்தேன். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. செல்லாத்தாள் மூன்று முறை திரும்பிப் பார்த்ததும், மாஸ்டர் ஒருமுறைகூடத் திரும்பாததும் சிரிப்புக்கு நடுவே என் கண்ணில் பட்டன. பட்டும் நான் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன்.

கடலோரமாகவே ஓட்டி, மூன்றாம் நாள் மத்தியானம் கன்னியாகுமரி சேர்ந்தோம். அங்கே வடக்கேயிருந்து வந்த யாத்ரீகர் ஒருவர், கழுத்துப்பட்டியைப் புது விதமாக மடித்துத் தைத்த பனியன் போட்டிருந்தார். மாஸ்டர் எப்படிப் பேசினாரோ, தன் பனியனைக் கழற்றிக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். உடனே ஊருக்குப் போய் வெட்டிப் பார்க்கவேண்டும் என்றார்.

பாறைமேல் உட்கார்ந்திருந்த செல்லாத்தாள், "பொழுது விழற வரைக்கும் இருக்கலாமுங்க" என்றார்.

"பொழுது நம்மூர்லயுந்தான் விழுது. எந்திரி புள்ள."

எழுந்து வந்து வண்டியில் உட்கார்ந்தார். மதுரை, திண்டுக்கல், தாராபுரம் எல்லாம் வந்து போயின. மாஸ்டர் மடியில் அந்தப் பனியனை விரித்துத் தடவிக்கொண்டே வந்தார். திருப்பூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்ததும் செல்லாத்தாள் என்னை வண்டியை நிறுத்தச் சொன்னார். பையோடு இறங்கி, ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

"பதனஞ்சு வருசமா உங்க எதுக்க நிக்கிறனுங்க. உங்களுக்குத் தெரியலீங்க. நான் எங்கண்ணன் ஊட்டுக்குப் போறனுங்க."

மாஸ்டர் கொஞ்ச நேரம் அவர் போன திசையைப் பார்த்தார். பிறகு, "கம்பெனிக்கு உடுங்க" என்றார்.

அந்தக் கழுத்துப்பட்டி வைத்த பனியன் மூன்று வருஷம் விற்பனையில் சக்கைப்போடு போட்டது. நானும் இந்தப் பயணத்தைக் கம்பெனியில் நடித்தே காட்டுவேன். துடுப்பு வரும் இடத்தில் மாஸ்டரும் சேர்ந்து சிரிப்பார். பஸ் ஸ்டாண்டு வருவதற்கு முன் நான் கதையை முடித்துவிடுவேன்.

மனைவியைக் கூட்டிவர அவர் போகாமலில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் அழைத்துக்கொண்டு சேவூர் போனார். மச்சான் மரியாதையாக உட்காரவைத்து மோர் கொடுத்தார். செல்லாத்தாளும் கதவோரம் வந்து நின்றார். இரண்டு வார்த்தை சமாதானமாகச் சொன்னால் போதும் என்ற நிலை. மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். கை தானாகப் போய் மச்சானின் பனியன் கழுத்தைப் புரட்டியது. கதவு சாத்திக்கொண்டது. பஸ்ஸில் திரும்பும்போது அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஏழு வருஷம் கழித்து, காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டார். செல்லாத்தாள் வந்தார். அழவில்லை. சொந்தக்காரர்கள் பந்தல் வேலையாகப் போனபோது என்னிடம் வந்தார்.

"ஏனுங்கண்ணா, அன்னிக்குக் கோழிக்கோட்டுல நான் தண்ணிக்குள்ள நின்னப்ப, ஒருக்காவாச்சும் அவரு என்னயப் பாத்தாருங்களா?"

"நீங்க அந்தப் பக்கம் திரும்பியிருந்தீங்கம்மா. ரொம்ப நேரம் பாத்துட்டு நின்னாரு" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு, போய் மாஸ்டரின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார்.

அந்த மனிதரைப் பற்றி நான் சொன்ன கதைகளில் நடக்காதது இது ஒன்றுதான். இது ஒன்றாவது நடந்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.